அறுபது ரூபாய் மீனுக்கு வைத்தியமா?

"சார், அறுபது ரூபா மீனு இது. இதுக்குப் போயி இவ்ளோ அலையறீங்களே! தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பாப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது."

போன மார்கழியில் ஒரு மீன் கடைக்காரர் எனக்குச் சொன்ன புத்திமதி இது. கடையின் பெயர் வேண்டாம். மனிதர் நல்லவர்தான், என்னை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர்களும், எல்லோரும் பென்ஷன்காரர்கள், கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, "உமக்குப் பொழுது போகலைன்னா சொல்லுமய்யா, சீட்டாடலாம்" என்றார். அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சட்டென்று பதில் வராது. முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறிப்பெழுதியே பழகிவிட்டதால் எழுதினால்தான் வரும். இப்போது எழுதுகிறேன்.

மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது யாரும் வாங்கி அல்ல. குமணன்சாவடி பக்கம் ஒரு மண்டபத்தில் பேத்தியின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி, பலூன் உடைத்து, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. சாத்துக்குடிப் பழம் இரண்டு வைத்தால் நிறைந்துவிடும் அளவு. உள்ளே நீல நிறத்தில் ஒரு சண்டை மீன். ஃபைட்டர் என்பார்கள். எங்கள் பள்ளிக்கூட பிரெஞ்சிலும் அதே பொருளில் 'கொம்பத்தான்', அதாவது போராளி. இருபத்தைந்து குழந்தைகள் என்றால் இருபத்தைந்து போராளிகள். அவற்றில் எத்தனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தன என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்.

குடுவையோடு ஒரு சீட்டும் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு உருண்டை தீவனம், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றவும். அவ்வளவுதான். நாங்களும் பத்து வாரம் அப்படியே செய்தோம். ஞாயிறு தோறும் மருமகள் மீனை டம்ளரில் எடுத்து வைத்துவிட்டு, குடுவையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாயில் தண்ணீர் பிடித்து, மீனை மறுபடி கவிழ்ப்பாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே கீழே நான் திட்டப்போகிறவர்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

பதினோராவது வாரம் வால் ஓரம் கறுத்தது. பிறகு நூல் நூலாகக் கிழிந்தது. தீவனத்தைப் பார்த்தாலும் மேலே வராமல் குடுவையின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் குடுவை முன்னால் உட்கார்ந்துகொள்வாள். "தாத்தா, அது மூச்சு விடுதா பாருங்க" என்பாள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 'அறுபது ரூபாய்தான்' என்றா?

இந்த மீனைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பொய் உலவுகிறது. 'இதுக்குத் தண்ணி அதிகம் வேணாம், குட்டையில வாழுற மீன், டம்ளர்ல கூட இருக்கும்.' பாதி உண்மை கலந்த பொய் என்பதால்தான் இது இத்தனை நாள் நிற்கிறது.

உண்மையான பாதி என்னவென்றால், இந்த மீன் காற்றைச் சுவாசிக்கும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போகும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். எங்கள் காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு இது அதிசயமே இல்லை. இதன் உறவுக்கார மீன்தான் பனையேறிக் கெண்டை. மழைக்காலத்தில் வயல் நிரம்பினால் வரப்பைத் தாண்டி ஈரத்தரையில் ஊர்ந்து போகும். சிறுவயதில் நாங்கள் துரத்திப் பிடித்திருக்கிறோம், செவுள் முள் குத்தி ரத்தமும் பார்த்திருக்கிறோம். பக்கத்துத் தரங்கம்பாடியில் டென்மார்க் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791-ல் ஒரு பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாகவே எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. பனையில் ஏறியதா என்பதில் இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. காற்றைக் குடித்து வாழ்கிறது என்பதில் சந்தேகமில்லை.

பொய்யான பாதி இனிதான் வருகிறது. மூச்சைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் மீன், கழிவைத் தண்ணீரில்தானே விட்டாக வேண்டும்? மீனின் உடலில் உண்டாகிற அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனம் அழுகினால் அதுவும் அம்மோனியாதான். வயலில் அது நீரோடு கலந்து போய்விடும், செடிகள் எடுத்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் மாற்றிவிடும். அரை லிட்டர் குடுவையில் எங்கே போகும்? நம் பக்கத்து போர் தண்ணீர் போலக் காரத்தன்மை உள்ள நீரில் அந்த நஞ்சு இன்னும் கடுமையாக வேலை செய்யும். தாய்லாந்துக்காரர்களின் வயல்வெளி மீன் இது. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயலில் நீர் ஆழம் குறைவுதான். ஆனால் வயல் ஏக்கர் கணக்கில் பரந்தது. 'ஆழம் குறைவு' என்பதை 'தண்ணீர் குறைவு' என்று மாற்றிச் சொல்லி வியாபாரம் நடக்கிறது.

என் போராளிக்கு வருகிறேன். கடைக்காரர் 'வேற எடுத்துக்கோங்க' என்றும் நான் அசையாததால், மூன்று சரக்கை எடுத்து மேஜையில் வைத்தார். நீல நிறத் திரவம் ஒன்று, மஞ்சள் பொடி ஒன்று, மனிதர்கள் சாப்பிடுகிற ஆன்டிபயாடிக் கேப்சூல் நாலு. கேப்சூலை உடைத்துக் குடுவையில் கொட்ட வேண்டுமாம். எல்லாம் சேர்த்து நானூற்று முப்பது ரூபாய். "என்ன நோய்?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் கேக்கும் சார்" என்றார்.

எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்தை நான் எழுபது வயதுக்கு மேலும் பார்த்ததில்லை. நீலத் திரவத்தை மட்டும் வாங்கிவந்து இரண்டு நாள் ஊற்றினேன். குடுவை நீலம், என் விரல் நீலம், சமையல் மேடை நீலம், மீன் அப்படியே கிடந்தது. மெத்திலின் நீலம் பொய் மருந்தல்ல. பூஞ்சைக்கு உதவும், மீன் முட்டைகளைக் காக்கப் பயன்படும். நான் செய்ததுதான் தவறு. புண்ணைக் கழுவாமலேயே மேலே மருந்து தடவிக் கட்டுப் போட்டிருக்கிறேன். கேப்சூல் கொட்டுவது அதைவிட மோசம். கழிவை மாற்றித் தருகிற நல்ல நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும், மிச்சம் சாக்கடைக்குப் போகும். மனிதனுக்கே வேலை செய்யாமல் போய்க்கொண்டிருக்கிற மருந்துகளை இப்படியா வீணடிப்பது!

நாய்க்கும் பூனைக்கும் இப்போது பூந்தமல்லி சாலை நெடுகிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள். 1903-லிருந்தே வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. மீனுக்கு மட்டும் விற்றவரே டாக்டர், அவரே மருந்துக்கடை. கொளத்தூர் வண்ண மீன் வியாபாரம் நாடறிந்தது. அதற்காக வில்லிவாக்கத்தில் அரசு தனி வர்த்தக மையமே கட்டியிருக்கிறது. சந்தோஷம். அங்கே ஒரு மூலையில் வாரம் இரண்டு நாள் ஒரு மீன் நோய் தெரிந்தவரை மேஜை நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன? பல்கலைக்கழகம் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே.

பிறகு நான் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். பரணில் ஒரு பழைய அரிசி டப்பா இருந்தது. பிளாஸ்டிக், ஒளி ஊடுருவும், பதினைந்து லிட்டர் கொள்ளும். (பெயிண்ட் வாளி ஒன்றும் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அதை மீனுக்கு வைக்கக்கூடாது.) சோப்பு தொடாமல் வெந்நீரில் கழுவினேன். முதல் நாள் மாலையே இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்தேன். ஒரு நாள் முழுதும் கிடந்தால் குளோரின் பறந்துவிடும், வெப்பநிலையும் வீட்டோடு ஒத்துவிடும். பன்னிரண்டு லிட்டர் ஊற்றி, மேலே நாலு விரல் வெற்றிடம் விட்டு, மூடியில் ஆணியைச் சுட்டுத் துளை போட்டேன். இந்த மீன் துள்ளும். மீனைக் குடுவைத் தண்ணீரோடு ஒரு டம்ளரில் எடுத்து, அரைமணி நேரம் புதுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அப்புறம்தான் உள்ளே விட்டேன்.

மருந்து என்றால் கல்லுப்பு. லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது பன்னிரண்டு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூனும் கொஞ்சமும். தனியே கரைத்து மூன்று தவணையாக ஊற்றினேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து எடுத்துவிட்டு, ஆற வைத்த தண்ணீர் சேர்த்தேன். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எடுத்த நாலு லிட்டருக்கு உரிய உப்பைத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். தினமும் பன்னிரண்டு லிட்டருக்கான உப்பைப் போட்டால் நாலாம் நாள் மீன் கருவாடு. பத்து நாளுக்கு மேல் உப்பு வேண்டாம். முதல் இரண்டு நாள் பட்டினி, பிறகு காலையில் இரண்டு உருண்டை. நாலு உருண்டை என்று சீட்டில் எழுதியவர் தீவனம் விற்பவராக இருக்க வேண்டும்.

சூட்டுக்கு ஹீட்டர் வாங்கவில்லை. சென்னையில் வருடத்தில் பத்து மாதம் இந்த மீனுக்கு வேண்டிய சூடு தானாகவே இருக்கிறது. மார்கழி, தை விடியற்காலையில்தான் தகராறு. அரை லிட்டர் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும், பன்னிரண்டு லிட்டர் மெதுவாகத்தான் குளிரும். டப்பாவை ஜன்னலிலிருந்து எடுத்து சமையலறை மூலையில் வைத்து, இரவில் சுற்றிலும் பழைய கம்பளி. என் மனைவி தன் ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தி இடம் கொடுத்தாள், முணுமுணுக்காமல். அது எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

இனி இலைக் கதை. சண்டை மீனுக்கு 'பாதாம் இலை' நல்லது என்று சொல்லிப் பத்து காய்ந்த இலையைப் பொட்டலம் கட்டி நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது நம்முடைய நாட்டு வாதாங்கொட்டை மரம்! காரைக்காலில் எங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நின்றது. வாத்தியார் அதை 'பதாமியே' என்பார். கொட்டையை உடைத்துத் தின்று சட்டையெல்லாம் கறையாக்கி உதை வாங்காதவன் என் வகுப்பில் கிடையாது. கரையான்சாவடியில் எங்கள் தெரு முனையிலும் ஒன்று நிற்கிறது. சிவந்து உதிர்கிற அதன் இலையைக் காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையில் நாங்கள் நடைப்பயிற்சி செய்கிறோம். தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். அந்தத் துவர்ப்புச் சத்து தண்ணீரின் காரத்தைச் சற்றுக் குறைக்கும். தாய்லாந்தில் மீன் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் போடுவது இதைத்தான். பச்சை இலை வேண்டாம். வண்டிப் புகை படிந்த சாலையோர இலையும் வேண்டாம்.

என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி செலவு: வெப்பமானி 70 ரூபாய், புது மக் 25, சிறு வலை 20. உப்பு வீட்டில் இருந்தது, இலை தெருவில் கிடந்தது. ஆக மொத்தம் 115. நீலத் திரவத்துக்குக் கொடுத்த 140-ஐத் தண்டச் செலவு என்று தனியாக எழுதிவைத்திருக்கிறேன்.

இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வரும், தெரியும். ஃபில்டர் இல்லையா, ஹீட்டர் இல்லையா, தண்ணீர்ப் பரிசோதனைக் கருவி இல்லையா, ஐயாயிரம் ரூபாய் செலவழிக்க முடியாதவன் மீன் வளர்க்கக்கூடாது என்பார்கள். நான் வளர்க்கப் போகவில்லையே அப்பா, என் கையில் திணிக்கப்பட்டது. ஃபில்டர் நல்லதுதான், பிறகு ஸ்பாஞ்சு வைத்த ஒன்றை மகன் வாங்கித் தந்தான். ஆனால் ஐயாயிரம் என்று பயமுறுத்தினால் நூற்றில் தொண்ணூறு பேர் 'நம்மால் ஆகாது' என்று மீனைக் கழிப்பறையில் கொட்டிவிட்டுப் போவார்கள். கடைக்காரர் சொல்வதும் இவர்கள் சொல்வதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் முடிகிறது. நோய்ப்பட்ட மீனுக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். அதற்கு வாளியும் தினம் கால்மணி நேரமும் போதும். நேரம் நம்மைப் போன்றவர்களிடம் நிறையவே இருக்கிறது.

எல்லா நோயும் இதில் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பெல்லாம் உப்புத் தூவினது போல வெண்புள்ளி வந்தால் அது ஓர் ஒட்டுண்ணி. 1876-ல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்துப் பெயரிட்டது. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, வெளியே வந்து நீந்தும்போதுதான் மடியும். அதனால் இரண்டு நாளில் புள்ளி மறைந்தது என்று நிறுத்தக்கூடாது. வயிறு ஊதிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் பெரும்பாலும் கைமீறிய கேஸ். அப்போதும் கழிப்பறை வேண்டாம். பல்வலிக்கு வைத்திருக்கிற கிராம்புத் தைலத்தில் சில சொட்டை வெந்நீரில் குலுக்கிக் கலக்கி, மெல்ல மெல்லச் சேர்த்தால் மீன் முதலில் தூங்கும். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து விட்டுவிட்டால் வேதனையில்லாமல் அடங்கும். அதேபோல், புண்ணியம் என்று நினைத்து செம்பரம்பாக்கம் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி யாரோ விட்ட தொட்டி மீன்கள்தான் இன்று பல ஏரிகளில் நாட்டு மீனை ஒழித்துக்கொண்டிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் விட எனக்கு மனம் வருமா? 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், மனிதரல்லாத எந்த உயிரும் பிராணிதான். மீனும் அடக்கம். 11-வது பிரிவில், நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ பிராணியை அடைத்து வைப்பது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. மீனின் விலையைவிடக் குறைவு! 2017-ல் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள், சில மாதங்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவற்றில் நடைமுறைக்கு ஒவ்வாத சங்கதிகளும் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக மொத்தக் கோப்பையும் மூடிக் கட்டிவிடுவதா? 'இத்தனை லிட்டருக்குக் குறைந்த கலத்தில் உயிர் மீனை விற்கவோ பரிசளிக்கவோ கூடாது' என்று ஒரே ஒரு வரி போதுமே. நானே வரைவு எழுதித் தருகிறேன்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்தநாள் நடத்துகிற பெற்றோர்களே, பெரும்பாலும் நம் பிள்ளைகளும் மருமகள்களும்தான், உங்களைத்தான் கேட்கிறேன். இருபத்தைந்து உயிர்களைப் பென்சில் பெட்டி மாதிரி மொத்த விலைக்கு எடுத்து, அடுத்த வீட்டுக்காரன் ஒப்புக்கொள்வானா என்றுகூடக் கேட்காமல் அவன் குழந்தையின் கையில் கொடுப்பது என்ன மரியாதை? ஒரு ஆட்டுக்குட்டியை இப்படிக் கொடுப்பீர்களா? அது கத்தும் என்பதால் கொடுக்கமாட்டீர்கள். மீன் கத்தாது. அதுதான் அது செய்த குற்றம்.

கடைக்காரர் சொன்ன வாக்கியம் என்னை ஏன் இவ்வளவு உறுத்தியது என்று யோசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி மருத்துவமனையில் கிடந்தாள். வராந்தாவில் உறவினர் ஒருவர் என் மகனைத் தனியே அழைத்து, "இந்த வயசுல இவ்வளவு செலவு பண்ணணுமா, நல்லா யோசிச்சுக்கோப்பா" என்றார். எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார். அவரும் கெட்டவரில்லை. ஒரு பக்கம் தொகை, ஒரு பக்கம் ஆள், கழித்துப் பார்த்தார். மனுஷியையும் மீனையும் ஒன்றாக்குகிறாயா என்று கேட்பீர்கள். ஒன்றாக்கவில்லை. கழித்துப் பார்க்கிற பழக்கம் சின்ன உயிரில் தொடங்கினால் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

எட்டாம் நாள் மீன் மேலே வந்து உருண்டையைக் கவ்வியது. மூன்று வாரத்தில் வால் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிய புதுச் சவ்வு வளர்ந்தது. பழைய நீலம் வரவில்லை. வால் ஒரு பக்கம் கோணலாகவே இருக்கிறது. மாசி கடைசியில் நீர்மட்டத்தில் நுரைக் கூடு கட்டியிருந்தது, ஆண் மீன் குடித்தனத்துக்குத் தயார் என்பதற்கு அடையாளம். பேத்தி அதைச் சோப்பு நுரை என்று நினைத்து அம்மாவோடு சண்டை பிடித்தாள்.

அடுத்த மாதம் அவளுக்கே பிறந்தநாள். ரிட்டர்ன் கிஃப்ட் என்ன என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது. விதைப் பென்சில் என்று மருமகள் சொல்கிறாள். பேத்தி எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வாதாம் இலை கொடுக்கலாம் என்கிறாள். குடுவை வாங்கிப்போன மற்ற இருபத்து நாலு பேரில் யாருக்காவது அது பயன்படுமா என்று நாளை பள்ளிக்கூடத்தில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.